போட்டோல வராத தரங்கம்பாடி

போன மாசம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் குடும்பத்தோட தரங்கம்பாடி போயிட்டு வந்து போனை நீட்டி நீட்டி போட்டோ காட்டிக்கிட்டு இருந்தான். கோட்டை முன்னாடி ஒண்ணு, சர்ச் வாசல்ல ஒண்ணு, கிங் ஸ்ட்ரீட் வெள்ளைக் கட்டடத்துல சாஞ்சு நின்னு நாலஞ்சு. "செம ஊருண்ணே, ஆனா அரை நாள்ல பாத்து முடிச்சிடலாம், ஓசோன் காத்துன்னு ஆட்டோக்காரர் சொன்னாரு"ன்னான். அந்த ஓசோன் கதைய நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க, எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து கேக்குறேன், கருவாடு காயப்போட்ட காத்துதான் எங்க மூக்குக்கு தெரியும். ஆனா அரை நாள்ல முடிச்சிடலாம்னு சொன்னான் பாருங்க, அதுதான் கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு. நிக்கிற கட்டடத்த மட்டும் பாத்தா அரை நாள் போதும்தான். எங்க ஊர்ல நிக்கிறத விட போனதுதான் அதிகம், போனதுக்கு யாரும் போர்டு வைக்கல. அதனால நான் எழுதுறேன்.

மொதல்ல கோயில். கோட்டைக்கு வடக்கால கடலோரமா மாசிலாமணி நாதர் கோயில், 1306ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது. டென்மார்க்காரன் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட எடம் வாங்கி கோட்டை கட்டினது 1620ல, அதுக்கு முன்னூறு வருஷத்துக்கும் மேல முன்னாடியே இங்க ஒரு ஊரு இருந்திருக்கு, சாமி இருந்திருக்கு, கப்பல் வந்திருக்கு. அந்தக் கோயிலோட கிழக்குப் பக்கத்த கடல் கொஞ்சம் கொஞ்சமா தின்னுருச்சு. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப அலை நேரா சுவத்துல வந்து மோதும், உடைஞ்சு விழுந்த கருங்கல்லு தண்ணிக்குள்ளயும் வெளியிலயுமா கெடக்கும், பாசி புடிச்சு வழுக்கும், அதுல உக்காந்துகிட்டு தூண்டில் போடுவோம். ஒரு கல்லுல எழுத்து இருக்கும், என்ன எழுத்துன்னு ஒருத்தனுக்கும் தெரியாது, உப்பு அரிச்சு பாதி போயிருச்சு, விரல வெச்சா பள்ளம் மட்டும் தெரியும். எங்க அப்பாயி "அதுக்கு கெழக்கால தெருவே இருந்துச்சுடா, தேர் ஓடும்"னு சொல்லும். அப்பாயியும் பாத்தது இல்ல, அது அவங்க அப்பாயி சொன்னது.

இப்ப கடலுக்கு கல்லு கொட்டி, கோயிலை புதுசா கட்டி கும்பாபிஷேகமும் ஆயிடுச்சு. சாமி கும்புடுறவங்களுக்கு சந்தோஷம், எனக்கும்தான். ஆனா அந்த வழுக்குற கல்லெல்லாம் எங்கன்னு தேடாம இருக்க முடியல.

கடல் நம்ம கோயில மட்டும் எடுத்துக்கிச்சுன்னு நெனைக்காதீங்க, பாரபட்சமே கிடையாது அதுக்கு. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706ல வந்து எறங்கி அடுத்த வருஷமே ஒரு சர்ச் கட்டினாரு, அதுவும் கடல் பக்கத்துல இருந்ததால போயிடுச்சு. இப்ப எல்லாரும் போட்டோ எடுக்குற புதிய எருசலேம் சர்ச் 1718ல கட்டினது, அது கட்டி முடிச்ச அடுத்த வருஷம் 36 வயசுல மனுஷன் செத்துட்டாரு, அதுக்குள்ளயே பொதைச்சிருக்காங்க. அவர் பிரஸ் வெச்சு தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சடிச்சாரே, அதெல்லாம் ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, அதுக்கு பேப்பர் பத்தலன்னு பக்கத்துல பொறையார்ல காகிதப் பட்டறை ஒண்ணு போட்டாங்க. பட்டறை போயி ரொம்ப காலம் ஆச்சு, கடுதாசிப்பட்டறைன்னு எடத்து பேரு மட்டும் நிக்குது. ஊரச் சுத்தி மதில் இருந்துச்சு, அதுல இப்ப மிச்சம் 1792ல கட்டின அந்த நுழைவாசல்தான் பெருசா சொல்லிக்கிற மாதிரி. நாங்க அத 'கேட்டு'ன்னுதான் சொல்லுவோம், கேட்டுக்கு உள்ள, கேட்டுக்கு வெளிய, அவ்ளோதான் எங்க ஊர் மேப்.

1845ல டென்மார்க்காரன் இந்த ஊரையும் கல்கத்தா பக்கத்துல இருக்குற செராம்பூரையும் சேத்து வெள்ளைக்காரனுக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு வித்துட்டு கப்பல் ஏறிட்டான். அதுக்கப்புறம் 1861ல நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்துச்சு, யாவாரமும் ஆபீசும் அந்தப் பக்கம் சாஞ்சிடுச்சு, இந்த ஊரு அப்படியே தூங்கிப் போச்சு. ஒரு வகையில அதனாலதான் பழைய கட்டடமெல்லாம் தப்பிச்சுதுன்னு நான் நெனைக்கிறேன், இடிச்சுக் கட்ட யார்கிட்டயும் காசு இல்ல. பெரிய பெரிய தூண் வெச்ச வீடெல்லாம் பூட்டிக் கெடக்கும், சிலதுல சர்க்கார் ஆபீசு, சிலதுல ஸ்கூலு, மிச்சத்துல வவ்வாலு. கோட்டையே 1978 வரைக்கும் டிராவலர்ஸ் பங்களாவா இருந்துச்சு, தெரியுமா? எங்க அப்பா கல்யாணத்துக்கு வந்த மெட்ராஸ் சொந்தக்காரங்களுக்கு அங்கதான் ரூம் போட்டாங்களாம். ராத்திரி பூரா அலை சத்தத்துல ஒருத்தருக்கும் தூக்கம் வரல, மாப்ள வீட்டுக்காரங்க எங்கள ஜெயில்ல தங்க வெச்சாங்கன்னு இருபது வருஷம் சொல்லிக்காட்டினாங்க.

இதெல்லாம் விடுங்க. நான் சொல்ல வந்தது ரயிலப் பத்தி.

தரங்கம்பாடிக்கு ரயில் இருந்துச்சுன்னு சொன்னா இப்ப இருக்குற புள்ளைங்க நம்பறதில்ல. 1926லேருந்து 1986 வரைக்கும், மொத்தம் அறுபது வருஷம், மாயவரத்துலேருந்து மீட்டர் கேஜ் லைன், சுமார் 30 கிலோமீட்டர், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், அப்புறம் எங்க ஊரு, அதுக்கப்புறம் கடல்தான். காந்தி 1915ல வள்ளியம்மையோட ஊருன்னு தில்லையாடிக்கு வந்தப்ப கூட இந்த ரயில் கிடையாது. மாயவரத்துக்கு இருந்த மாயூரம்ங்கிற சர்க்கார் பேர மயிலாடுதுறைன்னு மாத்தினதுக்கு அப்புறமும் டிக்கெட் கவுண்டர்ல எல்லாரும் "மாயவரம் ஒண்ணு"ன்னுதான் கேப்பாங்க. கெட்டி அட்டை டிக்கெட், தேதிய ஒரு மிஷின்ல டக்குனு அடிச்சுக் குடுப்பாங்க, அந்த சத்தம் கேக்குறதுக்காகவே நான் அப்பா கையப் புடிச்சிக்கிட்டு எக்கி நிப்பேன். பிளாட்பாரத்துல தண்டவாளத் துண்டு ஒண்ணக் கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க, அதுதான் மணி, வண்டி கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஆளு இரும்புக் கம்பியால அடிப்பாரு, வாசல்ல வெத்தலை போட்டுக்கிட்டு நிக்கிற பெருசுங்க எல்லாம் அதுக்கப்புறம்தான் துப்பிட்டு நிதானமா நடந்து வருவாங்க. ஓடி வந்து ஏறின ஆள நான் பாத்ததே இல்ல, வண்டியும் அவங்கள விட்டுட்டு போனதா ஞாபகம் இல்ல.

கடைசி ஸ்டேஷன்ங்கறதால எஞ்சினக் கழட்டி பக்கத்து லைன் வழியா சுத்திக் கொண்டுபோயி அந்தப் பக்கம் மாட்டுவாங்க. அதப் பாக்குறதுக்கு ஸ்கூல் முடிஞ்சு ஒரு கூட்டம் போகும். கரி எஞ்சின், பக்கத்துல போனா மூஞ்சில சூடு அடிக்கும், டிரைவர் நல்ல மூட்ல இருந்தா ஒருத்தன தூக்கி மேல விடுவாரு, என்னைய ஒரு நாளும் விட்டதில்ல, அந்தக் கோவம் இன்னும் இருக்கு. மீன் கூடைங்க ஏத்தற பெட்டில யாரும் ஏற மாட்டாங்க, கல்யாணத்துக்கு பட்டுப்புடவை கட்டிக்கிட்டு திருக்கடையூர் போறவங்க அந்தப் பெட்டிய தள்ளி கடைசிக்கு போயி ஏறுவாங்க, அப்படியும் எறங்கறப்ப வாசனை ஒட்டிக்கிட்டுதான் எறங்குவாங்க.

ஸ்டேஷன் வாசல்ல ஒரு ஆயா இருந்துச்சு, பேரு யாருக்கும் தெரியாது, சுண்டல் ஆயான்னுதான் சொல்லுவோம். மூங்கில் தட்டுல ஈரத்துணி மூடி சுண்டல், மழைக்காலத்துல அவிச்ச வேர்க்கடலை. சில்லறை இல்லன்னா அடுத்த வண்டிக்கு குடுன்னு சொல்லும். அடுத்த நாளைக்குன்னு சொல்லாது, அதுக்கு நேரம்னா வண்டிதான், சாப்புடறது தூங்கறது எல்லாம் வண்டிக் கணக்கு. பஸ் ஜாஸ்தி ஆயிடுச்சு, ரயிலு நஷ்டம்னு சொல்லி 1986ல நிறுத்தினதுக்கு அப்புறம் அந்த ஆயா பஸ் ஸ்டாண்டுக்கு மாறி கொஞ்ச நாள் உக்காந்து பாத்துச்சு. பஸ்சு ரெண்டு நிமிஷம் நிக்கும், யாரு எறங்கி சுண்டல் வாங்குவா? அப்புறம் காணோம். மக வீட்டுக்கு போயிடுச்சுன்னு ஒருத்தர், செத்துப்போச்சுன்னு ஒருத்தர். தண்டவாளத்தையும் பேத்து எடுத்துட்டாங்க, எங்க சொந்தக்காரர் ஒருத்தர் வீட்டு மாட்டுக் கொட்டகைல ஒரு தூணு இப்பவும் தண்டவாளத் துண்டுதான், எப்படி வந்துச்சுன்னு கேட்டா பேச்ச மாத்திடுவாரு.

ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் அந்த ரயிலு திரும்ப வரும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. பக்கத்துல பேரளம் காரைக்கால் லைன திரும்பப் போட்டுட்டாங்க, அதப் பாத்து எங்க ஆளுங்களுக்கு மறுபடியும் ஆசை வந்திருக்கு. எனக்கு நம்பிக்கை இல்ல, வந்தா மொத வண்டில ஏறுவேன்.

கேட்டுக்கு உள்ள இன்னொரு கூட்டம் இருந்துச்சு, சிங்கப்பூர் மலேயா போயி சம்பாதிச்சு வீடு கட்டின பாய்மாருங்க. முத்தம் வெச்ச வீடு, பர்மா தேக்குக் கதவு, நோன்பு மாசத்துல எங்க வீட்டுக்கு தூக்குல கஞ்சி வரும். அந்தப் புள்ளைங்க எல்லாம் இப்ப எங்கெங்கயோ செட்டில், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பூட்டத் தொறந்து தூசி தட்டிட்டு போறாங்க. சிலது வித்துப் போச்சு, கதவு மட்டும் காரைக்குடி பக்கம் பழைய சாமான் கடைக்கு போயிருக்கும்.

மீனவர் தெருவப் பத்தி எழுதறதுக்குதான் கை தயங்குது. எங்க வீட்டுக்கு மீன் கொண்டு வர்ற அக்கா, மீனக்கான்னு கூப்புடுவோம், கொல்லைப்புறமாதான் வரும், அம்மா கையில காசு இல்லன்னா சுவத்துல கரியால ஒரு கோடு போட்டுட்டு போகும், மாசக் கடைசில ரெண்டு பேரும் அந்தக் கோட்ட எண்ணுறதும் சண்டை போடுறதும் தனி கச்சேரி. அவங்க வீடு கடலுக்கு கிட்ட, ஓடு போட்டு சாணி மொழுகின திண்ணை, வாசல்ல பெரிய பூவரச மரம், அதுக்கு அடில வலை பிரிச்சுப் போட்டு நாலு பேரு பொத்தல் அடைச்சுக்கிட்டு இருப்பாங்க, பக்கத்துல கட்டுமரத்த அவுத்து காயப்போட்டிருக்கும். 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலைல அந்தத் தெருவுக்கு என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், யார் யார் போனாங்கன்னு நான் இங்க எழுதப் போறதில்ல, அது அவங்க வீட்டு விஷயம்.

மீனக்கா பொழைச்சுது. கடல்லேருந்து 200 மீட்டருக்குள்ள இருந்தவங்களுக்கு தள்ளி புது வீடு, ஆனா பழைய எடத்த எழுதிக் குடுத்துடணும்னு கணக்கு. புது வீடு கட்ட எடம் வேணும்னு மரமெல்லாம் போச்சு, தப்பிச்ச ஓட்டு வீடும் சிலது போச்சு. கான்கிரீட் வீடு, கக்கூஸ் உள்ளயே இருக்கு, அதெல்லாம் நல்லதுதான், அக்காவே சொல்லும். ஆனா நான் போயி பாத்தப்ப கேட்டுச்சு, "தம்பி, மத்தியானத்துல இதுக்குள்ள மனுஷன் இருக்க முடியுமா, கருவாட்ட நான் எங்க காயப்போடுவேன், மாடியிலயா?" மாடிலதான் காயுது இப்ப. கட்டுமரமும் போச்சு, எல்லாம் ஃபைபர் போட்டு, என்ஜின் சத்தம். திரும்பி வர்றப்போ ஒரு பை நிறைய நெத்திலி குடுத்து காசு வாங்கமாட்டேன்னு ஒரே அடம்.

சுனாமிக்கு அப்புறம்தான் ஊருக்கு காசும் வந்துச்சு. பழைய கட்டடங்கள பாதுகாக்குற இன்டாக் அமைப்பு ஆளுங்க வந்து தட்டாரத் தெருவுல பழைய வீடுங்கள அழகா சரி பண்ணினாங்க, டென்மார்க்லேருந்து ஆளுங்க வந்து கவர்னர் பங்களாவ தூக்கி நிறுத்தினாங்க, கோட்டைக்கும் பூச்சு வேலை. குறை சொல்ல ஒண்ணும் இல்ல, உண்மையாவே நல்லா பண்ணியிருக்காங்க, நாங்க வவ்வால் வெரட்டின இன்னொரு பங்களா இப்ப ஹோட்டலு, வாடகைய கேட்டுட்டு நான் மாயவரத்துல லாட்ஜ் போட்டேன். என் வருத்தம் வேற. வந்துட்டு போனவன் கட்டினதுக்கு எல்லாம் போர்டு இருக்கு, வருஷம் இருக்கு, பெயிண்ட் இருக்கு. அறுபது வருஷம் எங்க ஆளுங்கள ஏத்தி எறக்கின ஸ்டேஷனுக்கு ஒரு கல்லு நட யாருக்கும் தோணல. அந்தப் பூவரச மரத்துக்கு யாரு நடுவா.

ஸ்டேஷன் போட்டோ கூட ஒண்ணும் கெடைக்கல எனக்கு. ஒரு கல்யாண ஆல்பத்துல மாப்ள அழைப்புக்கு பின்னாடி சுவர் கொஞ்சமா தெரியுது, கருப்பு வெள்ளை. சுவர் காவி கலர்னு நான் சொல்றேன், மஞ்சள்னு என் சித்தப்பா பையன் சொல்றான், நேத்து போன்ல அரை மணி நேரம் சண்டை. அவன் வாதம் என்னன்னா, நீ எஞ்சினதான பாத்துக்கிட்டு இருந்த, சுவத்த எங்க பாத்த. 1986க்கு முன்னாடி அங்க ரயில் ஏறின யாராவது இதப் படிச்சா, உங்க வீட்டு பழைய ஆல்பத்த ஒரு தடவை பொரட்டிப் பாருங்க. கலர் போட்டோவா இருந்தா முக்கியம், எனக்கு அவன ஜெயிக்கணும்.