எனக்கு மட்டும் ஷாக் அடித்தது

ஆடிக் கொடையில் நான் பேஸ் கிடார் வாசிக்காமல் மேடையை விட்டு இறங்கிய கதை எங்கள் மெல்லிசைக் குழுவில் இப்போது ஒரு ஜோக். வேன் ஏறும்போது யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, எர்த் பாத்தாச்சா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அன்று லீடர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் ஒழுங்கான பதில் இல்லை.

தென்காசிப் பக்கம் ஆடி மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. இரும்புக் குழாய் நட்டு, மேலே பலகை அடித்த மேடை. மேடையிலேயே பிள்ளையார் படமும் விளக்கும் இருந்ததால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறியிருந்தோம். கச்சேரிக்கு முன் சவுண்ட் செக்கிங்கில் கோரஸ் மைக்கில் "ஹலோ" என்று சொல்லும்போது உதடு வலையில் பட்டது. சுள்ளென்று இழுத்தது. கை பேஸ் கிடார் கம்பியில் இருந்தது. கம்பியை விட்டுவிட்டு மைக்கைத் தொட்டேன், ஒன்றும் இல்லை. கம்பியில் கை வைத்துத் தொட்டேன், மறுபடி சுள்.

பேஸ் வாசிப்பவர்களுக்கு இது புதிதல்ல. கிடாரில் கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் ஜாக் வரைக்கும் போகிறது. அங்கிருந்து கேபிளின் வெளிச்சுற்று வழியாக ஆம்ப்பின் உடம்புக்கும், அதன் மூன்றாவது பின் வழியாக மண்ணுக்கும் போகிறது. அதாவது கம்பியில் கை வைத்தால் பூமியில் கை வைத்த மாதிரி. என் ஆம்ப் கோயில் சுவரில் இருந்த மூன்று பின் சாக்கெட்டில் போட்டிருந்தது. மிக்ஸருக்கோ கமிட்டி எடுத்துக் கொடுத்த தற்காலிக லைன், இரண்டே ஒயர். பிளக் கூடக் கிடையாது. ஒயர் நுனியைச் சீவி, ஓட்டையில் நேராகச் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தார்கள். என் டெஸ்டரை மைக் வலையில் வைத்தேன், எரிந்தது. என் கம்பியில் வைத்தேன், எரியவில்லை.

மேடையில் ஒழுங்காக எர்த் இருந்தது என் ஆம்ப்புக்கு மட்டும். அதனால்தான் எனக்கு மட்டும் அடித்தது. கீபோர்டுக்கு இரண்டு பின் அடாப்டர், ரிதம் பேடுக்கும் அப்படித்தான். ரிதம் கிடார் பையனும் அடாப்டர் போட்ட புராசஸரில்தான் வாசித்தான். அவர்கள் எல்லோருடைய பெட்டியும் மிக்ஸரோடு சேர்ந்தே எர்த் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. நான் ஒருவன்தான் தரையில் கட்டியிருந்தேன். ஆனால் லீடர் கண்ணுக்குத் தெரிந்தது வேறு: எட்டுப் பேரில் ஏழு பேருக்கு ஒன்றும் இல்லை, ஒருத்தனுக்கு மட்டும் ஏதோ கோளாறு.

சவுண்ட்காரர் இளவயது, மரியாதையான ஆள். "அண்ணாச்சி, ஒங்க ஆம்ப் பிளக்குல எர்த் ஒயரக் கழட்டிருவோம். ஷாக்கும் போயிரும், கொர்ர் சத்தமும் போயிரும்" என்றார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. கழற்றியிருந்தால் இரண்டும் போயிருக்கும். நானும் மற்றவர்களோடு சேர்ந்து மிதந்திருப்பேன். பிறகு என்றைக்காவது ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் நேராகக் கம்பிக்கு வந்து உட்காரும். ஃபியூஸ் போவதற்கும் வழி இருக்காது. அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "இருவது வருசமா எங்க அப்பா அப்படித்தான் போடுறாவ" என்றார்.

அந்தக் கொர்ர் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், சண்டையே அதில்தான் வந்தது. என் ஆம்ப்பிலிருந்து மிக்ஸருக்கு டி.ஐ. பாக்ஸ், அதாவது சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றுகிற சின்னப் பெட்டி, வழியாக லைன் போகிறது. அதில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச். அதைப் போட்டால் என் எர்த்தும் மிக்ஸரும் பிரிந்துவிடும். சத்தம் சுத்தமாக இருக்கும், ஆனால் உதட்டில் அடிக்கும். எடுத்துவிட்டால் மிக்ஸருக்கு என் கேபிள் வழியாகவே எர்த் கிடைத்துவிடும். அடிக்காது, ஆனால் ஸ்பீக்கர் முழுக்க கொர்ர். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸில் நான்காவது கம்பியின் மூன்றாவது ஃபிரெட், அதாவது ஜி, 49 ஹெர்ட்ஸ். ஹம் வருகிற மேடை எல்லாமே ஜி ஸ்கேலில்தான் அழும். ஜியில் பாட்டு வந்தால் நான் சும்மா நின்றாலே போதும் என்று நாங்கள் கிண்டல் செய்வதுண்டு. அன்று கிண்டல் செய்யும் நிலையில் இல்லை.

"லிஃப்ட எடுத்துருங்க, கொர்ர் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

லீடர் அப்போதுதான் பக்கத்தில் வந்தார். அறுபதைத் தாண்டியவர். ஆர்மோனியப் பெட்டி காலத்திலிருந்து கச்சேரி நடத்துகிறவர். "ஏ தம்பி, நீ கிடார் வாசிக்க வந்தியா, ஈ.பி. வேல பாக்க வந்தியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான், "அண்ணே, மைக்ல கரண்டு இருக்கு" என்றேன். "மைக்குல ஸ்பாஞ்ச மாட்டிக்கோ. இல்லியா, நீ கோரஸ் பாடாத. கொர்ருன்னு கேட்டா அடுத்த வருசம் இந்த ஊர்க்காரன் நம்மளக் கூப்பிடுவானா?" என்றார். நான் பேசாமல் நின்றேன். அவருக்குப் பொறுமை போய்விட்டது. "வாசிக்கலேன்னா சொல்லிரு. கீபோர்டுல இடது கையில போட்டுக்கிடுவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

கிடாரை உறையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். கரண்டுக்காக இறங்கினேனா, அந்தக் கடைசி வாக்கியத்துக்காக இறங்கினேனா?

கரண்டுக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ள நியாயம் நிறைய இருக்கிறது. 1965இல் அமெரிக்காவில் சாக்ரமெண்டோ மேடையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸின் கிடார் மைக் ஸ்டாண்டில் பட்டு, அவர் நினைவு தப்பி விழுந்தார். காலில் கிடந்த ரப்பர் அடி ஷூவால் பிழைத்தார் என்பார்கள். 1972இல் வேல்ஸில் ஸ்வான்சி நகரத்தில் லெஸ் ஹார்வி என்ற கிடாரிஸ்ட் மேடையில் ஈரக் கையோடு மைக்கைத் தொட்டு, ஷாக் அடித்து இறந்தார். இருவருக்கும் உதட்டில் படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்பாஞ்ச் உதட்டுக்குத்தான். கழுத்து நீண்ட பேஸ் கிடாரை மாட்டிக்கொண்டு நெருக்கடியான மேடையில் திரும்பும்போது ஹெட் ஸ்டாண்டில் இடிப்பது எங்கள் எல்லோருக்கும் வாடிக்கை. அதோடு வெறுங்கால், ஈரப் பலகை, அடியில் இரும்பு.

சரி. எதிர்ப்பக்க நியாயமும் சின்னதில்லை. இப்போதைய மிக்ஸர், பவர் ஆம்ப் பலவற்றிலும் சுவிட்சிங் சப்ளை இருக்கிறது. அதன் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உடம்புக்குப் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் பெட்டி பாதி வோல்ட்டில், 115 பக்கம், தொங்கிக்கொண்டிருக்கும். டெஸ்டர் பளிச்சென்று எரியும். தொட்டால் சுள்ளென்று இருக்கும். ஆனால் ஒரு பெட்டியிலிருந்து ஓடுகிற கரண்ட் பொதுவாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே இருக்கும், ஆளைக் கொல்லாது. சவுண்ட்காரர் "இது சும்மா லீக்கேஜ் அண்ணாச்சி" என்று சொன்னது அதைத்தான். உண்மையான லைனே பெட்டியில் இறங்கியிருந்தாலும் டெஸ்டர் அதே மாதிரிதான் எரியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல டெஸ்டருக்குத் தெரியாது. எலெக்ட்ரீஷியனாக இருக்கும் என் மச்சான் பிறகு சொன்னார், ஒரு குண்டு பல்பை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று: லீக்கேஜ் என்றால் பல்பு எரியாது, லைன் என்றால் எரியும். அன்று யாரும் பல்பு வைத்துப் பார்க்கவில்லை. அதனால் அந்த மைக்கில் இருந்தது எது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

கச்சேரி நன்றாக நடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்க வேண்டும் என்று நான் நினைப்பதாகத் தோன்றினால் அது தப்பு. ஆனால் ஒன்றும் ஆகாதபோது இறங்கியவன் பைத்தியக்காரனாகத் தெரிவான். ஏதாவது ஆகியிருந்தால் அவனே கெட்டிக்காரன். இரண்டிலும் அவன் செய்தது ஒரே காரியம்.

கமிட்டிக்காரர்கள் கோபமும் நியாயம்தான். பத்து மணிக்கு மைக்கை அணைக்க வேண்டும். 2000இல் வந்த ஒலி மாசு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. விழாக்களுக்கு நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம், அதுவும் வருடத்துக்குப் பதினைந்து நாளுக்கு மேல் முடியாது. அந்த ஊருக்குத் தளர்வு எதுவும் இல்லை. எங்கள் வாக்குவாதம் அரை மணி நேரத்துக்கு மேல் தின்றது. அத்தனையும் பாட்டாக அவர்களுக்கு வந்திருக்க வேண்டியது.

கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டேன். எங்கள் குழுவின் கச்சேரியை நான் கீழே நின்று கேட்டது அபூர்வம். கீபோர்டுக்காரர் இடது கையில் நன்றாகவே போட்டார். ராஜா சார் பாட்டுகளில் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு போகும். பாடுகிறவரோடு சேரும், விலகும், இடையிசையில் ஏறி இறங்கும். அதை எடுத்துவிட்டால் பாட்டே வேறு என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அன்று இடது கை வெறும் ஆதார சுரத்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. ஜனங்கள் ஆடினார்கள். ஒன்ஸ் மோர் கேட்டார்கள். கொர்ர் சத்தம் எல்லோருக்கும் கேட்கும், பேஸ் இல்லாதது யாருக்கும் கேட்காது. லீடரின் கணக்கு அதுதான், அந்தக் கணக்கில் பிழையும் இல்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு என் மேலேயே சந்தேகம் வருகிறது. கோரஸ் பாடாமல், ஸ்டாண்டைத் தள்ளி வைத்துவிட்டு வாசித்திருக்கலாம். மைக் இல்லாவிட்டால் எனக்கு அபாயம் பெரும்பாலும் போய்விடும், அது எனக்குத் தெரியும். லீடர் அந்த வழியைக் கொடுத்தார். "யாருக்குத் தெரியப் போவுது" என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் வாசித்திருப்பேனோ? இருக்கலாம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஒரு கல்யாண ரிசப்ஷனில் பேஸும் டிரம்ஸும் டிராக்கில் ஓட, பாடகர்கள் மட்டும் போய்விட்டு வந்தார்கள். எனக்குச் சொல்லவே இல்லை. அந்தக் கடுப்பு உள்ளே இருந்தது உண்மை. ஆனால் கடுப்பு இருந்ததால் மைக்கில் கரண்ட் இல்லாமல் போய்விடுமா?

இன்னொன்றும் உண்டு. பாடிய பெண் வெறுங்காலோடு அதே மிக்ஸரில் போட்ட மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கச்சேரி முழுக்க நின்றார். இறங்குவதற்கு முன்னால் அவரிடம் சொன்னேன். "பலகை மேலதானண்ணே நிக்கேன்" என்றார். அதற்கு மேல் என்ன செய்வது? மைக்கைப் பிடுங்க முடியுமா? சொன்னேன் என்பது போதுமா என்று கேட்டால், போதும் என்றுதான் பகலில் தோன்றுகிறது.

லீடர் வேனில் பேசிய தொகையில் பாதியை எண்ணிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொண்டேன். ஊர் வந்து சேரும் வரை இருவரும் பேசவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு அவரே போன் செய்தார்.

அதற்குப் பிறகு நான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச், வைத்த ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு செய்து வைத்திருக்கிறேன். கம்பீரமாகத் தூக்கிக்கொண்டு போகிறேன். அதன் லட்சணம் என்னவென்றால், அது என் ஆம்ப்பில் கோளாறு வந்தால்தான் விழும். மைக்கிலிருந்து என் உடம்பு வழியாகப் போகிற கரண்ட் சவுண்ட்காரரின் லைனிலிருந்து வருவது, என் போர்டுக்கு அது தெரியவே தெரியாது. அவருடைய லைனில் போடச் சொன்னால், "டிரிப் ஆயி கச்சேரி நின்னா யாரு பொறுப்பு?" என்கிறார்கள். கடைசியில் ஒயர்லெஸ் வாங்கினேன். கம்பிக்கும் ஆம்ப்புக்கும் இடையில் கேபிளே இல்லை, உதட்டில் அடிக்க வழியில்லை. பதிலுக்கு, கூட்டத்தில் ஆளுக்கொரு செல்போன் எரியும்போது சில நேரம் சத்தம் விட்டு விட்டு வருகிறது. அதை யாரும் கவனிப்பதில்லை, நான் தவிர.

போன முகூர்த்தத்தில் ஒரு மண்டபம். வெளியே மழை, நல்ல தொகை. டெஸ்டரைப் பையிலிருந்து நான் எடுக்கவே இல்லை. ரிதம் கிடார் பையன் இப்போது சொந்தமாக ஆம்ப் வாங்கிவிட்டான், மூன்று பின் போட்டது. செக்கிங் நடுவில் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, மைக்கு சுள்ளுங்குது" என்றான். லீடர் அந்தப் பக்கம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் மைக்கில் இருந்த ஸ்பாஞ்சைக் கழற்றி அவனிடம் கொடுத்து, ஸ்டாண்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள் என்றேன். அவன் சரி என்று போய் மாட்டிக்கொண்டான். சவுண்ட்காரரிடம் போய்ப் பேசலாம் என்று எழுந்தேன். அதற்குள் லீடர் முதல் பாட்டுக்கு கவுண்ட் கொடுத்துவிட்டார்.