துவக்கு வாங்கின கதை

அக்காவின் மகளுக்குச் சாமத்தியவீடு. தாய்மாமன் நான். தங்கத்தில் ஏதாவது போடவேண்டும். தங்கம் விற்கிற விலைக்கு, தங்கம் வைக்கிற பெட்டியைச் செய்து கொடுத்து மானத்தைக் காப்பாற்றலாம் என்று முடிவெடுத்தேன்.

முதிரைப் பலகை கொஞ்சம் மிச்சம் கிடந்தது. பெட்டி வடிவாகத்தான் வந்தது, வார்ணிஷ் அடிக்கும்வரை. பிரஷ் போன இடமெல்லாம் உழுத தோட்டம் மாதிரி வரிவரியாய்க் கிடந்தது. மூடியின் நடுவில் பிரஷ் தும்பு ஒன்று நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கொட்டில் கதவு செய்த மிச்சமோடா?" என்றாள்.

அன்றிரவு பிட்டுச் சாப்பிடும்போது, பிரஷ் இல்லாமல் காற்றால் தூவி அடிக்கிற ஸ்பிறே கன் வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மம்மாவுக்குக் காதுதான் மந்தம், இங்கிலீசு மந்தமில்லை. "என்ன வாங்கப் போறானாம்?" என்று கேட்க, அம்மா சத்தமாய், "கன் அம்மா, கன்" என்றார். அம்மம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"துவக்கோ? சாகிற காலத்தில எனக்கு உதையும் காட்டப் போறியளோ?"

விளங்கப்படுத்தக் கால் மணித்தியாலம் எடுத்தது. அதற்குள் வேலிக்கு அங்காலே லைற் எரிந்துவிட்டது.

கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகனிடம் வட்சப்பில் ஆலோசனை கேட்டேன். "கொம்பிரசரே தேவையில்லை அண்ணை, தானே காத்து ஊதுற டர்பைன் செற் ஒண்டு எடுங்கோ" என்றான். அவன் டொலரில் சொன்ன விலையை ரூபாயாக்கிப் பார்த்தேன். அதற்குப் பிள்ளைக்குச் சங்கிலியே போட்டிருக்கலாம்.

சரி என்று யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதிப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். "மேல் கோப்பையோ, கீழ்க் கோப்பையோ?" என்றார் கடைக்காரர். லக்கர், அதுதான் வார்ணிஷ் மாதிரிப் பளபளப்புப் பூச்சு, ஊற்றுகிற கோப்பை கன்னுக்குக் கீழே இருந்தால் காற்று அதை உறிஞ்சி எடுக்கவேண்டும், அடியில் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். மேலே இருந்தால் தன்பாட்டில் இறங்கும், கடைசிச் சொட்டுவரை போகும். சின்ன வேலைக்கு மேல் கோப்பைதான் என்பது எனக்கே விளங்கியது. நொசில், அதுதான் லக்கர் வெளியே வருகிற துளை, 1.4 மில்லிமீற்றர் எடுத்தேன், லக்கர், வார்ணிஷ் இரண்டுக்கும் சரிவரும். அடிப்பூச்சாகப் பூசுகிற தடித்த பிரைமருக்குத்தான் 1.8 அளவில் வேண்டும். எச்.வி.எல்.பி. வகை. காற்று நிறைய, அமுக்கம் குறைய. கன்னின் வாயில் அமுக்கம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேலே போகாதாம். அதனால் லக்கர் பலகையில் பட்டுத் தெறிக்காமல் ஒட்டுமாம்.

"நிமிசத்துக்குப் பத்துக் கன அடி காத்துக் கேக்கும், பாத்துக்கொள்ளும் தம்பி" என்றும் சொன்னார். பாவம், அவரில் பிழையில்லை. எங்கள் ஊரில் கன என்றால் நிறைய. கன அடி என்றால் நிறைய அடி. பின்னால் எனக்கு நடந்ததைப் பார்த்தால் அந்த அர்த்தமும் சரிதான்.

என்னிடம் இருந்தது மோட்டார் சைக்கிள் ரயருக்குக் காற்றடிக்க வாங்கிய 24 லீற்றர், 1 எச்.பி. கொம்பிரசர்.

பெட்டியை அரத்தாளால் உரஞ்சிச் சுத்தமாக்கி, குசினிக்குப் பின்னால் மேசையில் வைத்தேன். அது சோளகக் காற்றுக் காலம். உரும்பிராய்ச் செம்மண் முற்றத்தில் நின்று லக்கர் அடித்தால் முதிரைப் பெட்டி செங்கல்லாகிவிடும். முகத்தில் கொரோனாக் காலத்துத் துணி மாஸ்க். அது லக்கர் கரைக்கிற தின்னரின் ஆவியைத் தடுக்காது என்பதைத் தலை சுற்றிய பிறகுதான் கண்டுபிடித்தேன். இதற்குள் அம்மா நுளம்புத்திரியைக் கொளுத்திக்கொண்டு வர, ஆவி பற்றிவிடும் என்று நான் போட்ட சத்தத்தில் நாய் எழும்பி ஓடியது.

முதல் பதினைந்து விநாடி சொர்க்கம். பன்னீர் தெளித்த மாதிரி விழுந்தது. அப்புறம் கொம்பிரசரின் முள் சரியத் தொடங்கியது. கன் இருமியது, பிறகு துப்பியது. கொம்பிரசர் விடாமல் கத்தியது. நிறுத்தி, காற்று நிரம்பும்வரை நின்று, திரும்ப அடித்தால் முதல் அடித்தது காய்ந்து போயிருந்தது. மூடி தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரத்தது. பெட்டி குடித்தது 50 மில்லிலீற்றர்கூட இராது. நானோ 600 மில்லிலீற்றர்க் கோப்பையை முக்காலுக்கு நிரப்பியிருந்தேன். மிச்சத்தைச் சோளகம் கொண்டுபோய்க் கொடியில் காய்ந்த அப்பாவின் சாரத்தில் அடித்தது. மாலையில் அப்பா அதை எடுக்க, அது அப்பளம் மாதிரிச் சத்தம் போட்டது.

அடுத்த நாள் பெட்டியையும் கன்னையும் தூக்கிக்கொண்டு சந்தியில் கராஜ் வைத்திருக்கும் அண்ணையிடம் போனேன். கார்களுக்குப் பெயின்ற் அடிப்பவர். கன்னைப் பார்க்கவேயில்லை. "கொம்பிரசர் என்ன சைஸ்?" என்றுதான் கேட்டார். சொன்னேன்.

"இணுவில் வித்துவான்ர நாதஸ்வரத்தைச் சின்னப்பெடியனிட்டக் குடுத்து ஊதச் சொன்ன மாதிரிக் கிடக்கு. உன்ரை மிசின் மூண்டு நாலு கன அடிதான் தரும். முதல் காத்தைப் பாக்கோணும், பேந்துதான் கன்."

கார்க் கீறல்களுக்கு அடிக்கிற, காற்றுக் கொஞ்சமாய்க் கேட்கிற மினி கன்னை எடுத்துக் காட்டினார். நொசில் 0.8, கோப்பை 125 மில்லிலீற்றர். லக்கரைக் கொஞ்சம் கூடத் தண்ணியாய்க் கரைக்கவேண்டும், அகலமாய் விரியாது, கதவுக்கும் அலுமாரிக்கும் உதவாது. நகைப்பெட்டிக்கு அகலம் என்னத்துக்கு? ஒரு சாணுக்கு உள்ளே பிடி, பலகை தொடங்க முதலே விசையை அமத்து, பலகை தாண்டித்தான் விடு, போன வரியில் பாதியை மூடி அடுத்த வரியை அடி என்று, பிஸ்கற் பெட்டி மட்டையில் என் கையைப் பிடித்துப் பழக்கினார்.

பாவித்த கன்னைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. அண்ணைதான் பாதி விலைக்கு எடுத்தார். அவரிடம் ஆளுயரக் கொம்பிரசர் இருக்கிறது. என் கன் அங்கே இருமாமல் வேலை செய்வதைப் பார்க்க வயிறு எரிகிறது.

பெட்டி மூன்று மெல்லிய பூச்சில் கண்ணாடியாய் வந்தது. பின்பக்கத்தில் மட்டும் ஒரு வடிசல். "அந்தப் பக்கத்தைச் சுவரோட வையுங்கோ, வெயில் படக்கூடாது" என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன்.

மினி கன்னை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று அம்மம்மா திண்ணையில் இருந்தார். கிட்ட வரச்சொல்லி, கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்தார்.

"முந்தினது பெரிசு. உது பிஸ்டலோ?"