யார் முடிவு எடுத்தது?

கருணைக்கொலை என்று பேச்செடுத்தாலே "உயிரைக் கொடுத்தவன்தான் எடுக்கணும்" என்று யாராவது ஒருவர் முடித்துவைத்துவிடுவார். ஆனால் மதங்கள் இதில் ஒரே மாதிரி பேசியதே இல்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு பாறைக்குன்று, இருபத்துநான்கு சமணத் தீர்த்தங்கரர்களும் வரிசையாகச் செதுக்கப்பட்ட இடம். அங்கே இருக்கிற பழைய கல்வெட்டு, 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவாகப் பொறித்தது. சல்லேகனை என்கிற இந்த உண்ணாநோன்பை எடுப்பவர் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும், நடுவில் 'சீக்கிரம் செத்தால் தேவலை' என்று நினைத்தாலே அது விரதத்துக்குக் குற்றம், 'இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே' என்று நினைப்பதும் குற்றம்! இதைத்தான் 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தற்கொலை என்றது, அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

அப்புறம் தலைக்கூத்தல். விருதுநகர், மதுரைப் பக்கம் படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவருக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து, பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீரை வெட்டி வெட்டிக் குடிக்கக் கொடுப்பார்கள். காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். மண்ணாசையில்தான் உயிர் நிற்கிறது என்று சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றுவதும் உண்டு. எல்லாம் சொந்தபந்தம் கூடி, ஊருக்குத் தெரிந்தே. பார்த்துக்கொள்ள ஆளில்லை, வைத்தியத்துக்குக் காசில்லை, கூலி வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது என்ற நிலைமை எனக்கும் புரிகிறது, ஆனாலும் படுத்திருக்கிறவரை ஒரு வார்த்தை கேட்டார்களா?

அதனால்தான் ஊசி போட்டு முடித்துவைக்கச் சட்டம் வேண்டும் என்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. சொத்துத் தகராறு இருக்கிற வீட்டில் 'சம்மதம்' எப்படி வாங்குவார்கள் என்பது தெரியாதா நமக்கு?

வீண் சிகிச்சையை நிறுத்துவது வேறு விஷயம். போப் பன்னிரண்டாம் பயஸே 1957-ல், அசாதாரணமான சிகிச்சைகளை ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்ற கடமை நோயாளிக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். நம் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, சுயநினைவு இருக்கும்போதே 'எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம்' என்று எழுதிவைக்கலாம் என்றது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வரை போகவேண்டியிருந்தது, 2023-ல் அதை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். அதன் பிறகும் மருத்துவமனையில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சரி என்றால்தான் நிறுத்துவார்கள்.

இவ்வளவு சுலபமாக்கியும் எழுதிவைத்த ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. நானே வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால், "வெள்ளிக்கிழமை அதுவுமா என்ன பேச்சு பேசுற" என்று அம்மா எழுந்து போய்விடுகிறார். மற்ற கிழமைகளிலும் அதே கதைதான்.