கைக்கு வந்த பிறகும் பிறருடையதாக இருக்கும் போன்

சென்ற ஆண்டு இணையத்தில் நான் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கைப்பேசி எனக்குச் சரியாக 19 நாட்கள் உழைத்தது. இருபதாம் நாள் காலையில் மணி பார்ப்பதற்காக எடுத்தபோது, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு நின்றது. இந்தச் சாதனத்துக்கான தவணை செலுத்தப்படவில்லை, நிலுவையைக் கட்டும்வரை இதைப் பயன்படுத்த முடியாது என்று அதில் எழுதியிருந்தது. கீழே, கடன் கொடுத்தவர்களை அழைக்க ஒரு பொத்தானும் அவசர அழைப்புக்கு இன்னொரு பொத்தானும் இருந்தன. வேறு எதைத் தொட்டாலும் அசையவில்லை.

நான் யாரிடமும் கடன் வாங்கவில்லை. கடன் வாங்கியவர், எனக்கு அந்தப் போனை விற்றவர். புதுப் போனைத் தவணையில் எடுத்து, முதல் சில தவணைகளைக் கட்டி, பிறகு முழுப் பணத்துக்கு என்னிடம் தள்ளிவிட்டு, கட்டுவதை நிறுத்தியிருக்கிறார். விற்பனைத் தளத்தில் அவருடைய கணக்கைத் தேடினேன், அது நீக்கப்பட்டிருந்தது. கடன் கொடுத்த நிறுவனத்தை அழைத்தபோது, பாக்கியை நானே கட்டிவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். எதிர்முனையில் பேசிய பெண் மிகவும் மரியாதையாக, கணக்கு உங்கள் பெயரில் இல்லாததால் பாக்கி எவ்வளவு என்பதைக்கூட உங்களிடம் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை என்பதுதான் எரிச்சலைக் கூட்டியது.

நான் ஒன்றும் பார்க்காமல் வாங்கியவன் அல்ல. கூரியரில் வந்த அன்றே கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு கேமராக்களிலும் படம் எடுத்தேன், ஸ்பீக்கரில் பாட்டு ஓடவிட்டேன், சார்ஜ் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று ஒரு நாள் முழுவதும் கணக்கு வைத்தேன். செட்டிங்ஸ் பக்கத்தின் ஒரு மூலையில், இந்தச் சாதனம் ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று மங்கலான சிற்றெழுத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் பார்த்தேன், தயாரிப்பாளரைத்தான் சொல்கிறார்கள் போலும் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். பழைய போன் வாங்குகிற பெரும்பாலோர் செய்கிற பிழை இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். போன் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். அதன் மேல் இன்னும் யாருக்கு உரிமை இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கீறலும் தேய்ந்த பேட்டரியும் செலவோடு போய்விடும். பிறருடைய பிடியில் இருக்கும் போனை எந்தப் பழுதுபார்ப்பவராலும் முறையாக நம்முடையதாக்கித் தர முடியாது.

தவணைப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். போனை விற்கும்போதே அதன் அடையாள எண் கடன் கொடுப்பவரின் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. போன் இணையத்தோடு இணைந்ததும், அழிக்க முடியாத ஒரு நிர்வாகச் செயலி அதில் வந்து உட்காருகிறது. சாம்சங்கில் இதற்கு நாக்ஸ் கார்டு என்று பெயர். பிற ஆண்ட்ராய்டு போன்களிலும் இதைப் போன்ற ஏற்பாடுகள் உண்டு. உள்ளிருப்பதையெல்லாம் அழித்துப் புதுப் போன்போல ஆக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் பயனில்லை, மறுபடி வைஃபையில் இணைத்தவுடன் அது திரும்பிவிடும். அலுவலகங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் போன்களிலும் இதே வகைப் பிடிதான். வேலையை விட்டுப் போகும்போது திருப்பித் தராத போன் ஒன்று இணையச் சந்தைக்கு வந்தால், வாங்கியவர் அதை ரீசெட் செய்து வைஃபையில் இணைக்கும் நேரத்தில்தான் அந்த நிறுவனத்தின் பெயர் திரையில் தலைகாட்டும். ஆகவே ரீசெட் செய்து முகப்புத் திரையைப் பார்த்ததோடு திருப்தி அடைவதில் பொருளில்லை. இணையத்தில் இணைத்து, தொடக்க அமைப்புகளைக் கடைசிவரை முடித்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பரவலாக நடப்பது அக்கவுண்ட் பூட்டு. திருட்டைத் தடுப்பதற்காக ஆப்பிள் 2013இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7உடன் ஆக்டிவேஷன் லாக் என்பதைக் கொண்டுவந்தது. கூகுளும் 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1இல் இதற்கு இணையான பாதுகாப்பைச் சேர்த்தது. இரண்டின் அடிப்படையும் ஒன்றே: போனை உரிமையாளரின் அனுமதியில்லாமல் அழித்தால், அழித்த பிறகும் அது பழைய உரிமையாளரின் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்கும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விற்பவர் நேர்மையானவராக இருந்து, விவரம் தெரியாதவராகவும் இருந்துவிட்டால், வாங்குபவர் திருடனைப் போல நடத்தப்படுவார். கணக்கிலிருந்து வெளியேறாமல், பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தி ரெகவரி முறையில் அழித்து அனுப்பிவிடுவார்கள். பழைய கடவுச்சொல்லை அவர்களே மறந்திருப்பார்கள். ஐபோன் என்றால் விற்றவர் தொலைவிலிருந்தே தம் கணக்கிலிருந்து அந்தச் சாதனத்தை நீக்கிவிட முடியும். அதற்கு அவர் நம்முடைய செய்திக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பணம் கைக்குப் போன பிறகு பதில் சொல்லும் வேகம் எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. விற்றவரின் கணக்கு உள்ளேயே இருக்க, நாம் அப்படியே பயன்படுத்தத் தொடங்கினால், அவர் நினைத்த நேரத்தில் எங்கிருந்தோ அதைப் பூட்டவும் அழிக்கவும் அது இருக்கும் இடத்தை அறியவும் முடியும்.

அடுத்தது திருட்டுப் போன். இங்கே நமக்கு உதவுவது ஐஎம்இஐ எண். ஒவ்வொரு கைப்பேசிக்கும் 15 இலக்கங்களில் ஓர் எண் உண்டு. முதல் 8 இலக்கங்கள் எந்த மாடல் என்பதையும், அடுத்த 6 இலக்கங்கள் அந்த மாடலில் எந்தப் போன் என்பதையும் குறிக்கும். கடைசி இலக்கம், முன்னால் உள்ளவை சரிதானா என்று கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்கானது. இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் இருக்கும். *#06# என்று டயல் செய்தால் திரையில் தெரியும். அந்த எண்ணும், செட்டிங்ஸில் இருக்கும் எண்ணும், பெட்டியில் அச்சிட்ட எண்ணும், பில்லில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். திருடு போனதாகப் புகார் செய்யப்பட்ட போனின் ஐஎம்இஐயைச் செல்பேசி நிறுவனங்கள் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டால், எந்த சிம்மைப் போட்டாலும் சிக்னல் வராது. முதல் எட்டு இலக்கங்களை வைத்து மாடலைத் தேடிப் பார்த்ததில், விலை உயர்ந்த மாடல் என்று விளம்பரம் செய்த போன் வேறேதோ மலிவான மாடலின் எண்ணோடு இருந்ததை ஒருமுறை நானே கண்டேன்.

ஆனால் இந்த எண்ணைச் சரிபார்த்துவிட்டோம் என்பதற்காக நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. இன்று தடைப்பட்டியலில் இல்லை என்பது இன்றைய நிலவரம் மட்டுமே. போனை விற்றுவிட்டு, அடுத்த வாரம் அதே போன் தொலைந்துபோனதாகச் சொல்லிக் காப்பீட்டுத் தொகையைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாட்டில் தடுக்கப்பட்டது இன்னொரு நாட்டில் தடையின்றி வேலை செய்வதும் உண்டு. திருட்டுப் போன்கள் எல்லை தாண்டிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். மேலும், விற்பவர் செய்தியில் தட்டச்சு செய்து அனுப்பும் எண் அவர் விற்கும் போனின் எண்தான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. காணொலி அழைப்பில் நம் கண்ணெதிரே *#06# அடித்துக் காட்டச் சொல்வதே சரி. எண்ணைப் பொதுவில் போட மறுக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சந்தேகிக்கக் கூடாது. அந்த எண்ணை எடுத்து வேறு போனில் ஏற்றும் ஆட்கள் இருப்பதால் அந்தப் பயம் நியாயமானதே.

உரிமை பற்றிய கேள்விகள் தீர்ந்த பிறகுதான் போனின் உடம்பைப் பார்க்க வேண்டும். திரை மாற்றப்பட்டிருப்பது படத்தில் தெரியாது. ஓலெட் வகைத் திரைக்குப் பதிலாக மலிவான எல்சிடி திரை போட்டிருக்கிறார்களா என்று அறிய, இருட்டறையில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்தால் போதும்: ஓலெட்டில் திரை எங்கே முடிகிறது என்றே தெரியாது, எல்சிடியில் சாம்பல் நிறத்தில் ஒளி கசிந்துகொண்டிருக்கும். ஐபோன் 12 முதல் உள்ள மாடல்களில், 2021 இறுதியில் வந்த ஐஓஎஸ் 15.2இலிருந்து, பேட்டரி, திரை, கேமரா ஆகியவை மாற்றப்பட்டிருந்தால் செட்டிங்ஸிலேயே தெரிகிறது. மாற்றிய பாகம் அசல் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுகிறது. பேட்டரியின் நலம் இத்தனை சதவீதம் என்ற எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. பேட்டரியோடு ஒட்டியிருக்கும் சிறிய மின்பலகையில் கைவைத்து 100 என்று காட்டச் செய்ய முடியும். நான்கு வருடம் ஓடிய போன் 100 காட்டுகிறது, பேட்டரி மாற்றியதற்கான குறிப்பும் இல்லை என்றால், அந்த எண்ணைவிட அந்தப் பொருத்தமின்மைதான் நமக்குத் தகவல். நீர் புகாது என்ற பெருமையும் புதுப் போனுக்குத்தான். ஒருமுறை பின்பக்கத்தைத் திறந்து மூடியவுடன் உள்ளிருக்கும் பசைப் பட்டை பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது. பல போன்களில் சிம் தட்டை வெளியே எடுத்து, அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய ஒரு சிறு ஒட்டுத்தாள் தண்ணீர் பட்டிருந்தால் சிவப்பாக மாறியிருக்கும்.

மென்பொருள் பழையதாகிப் போவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கூகுளின் பிக்சல் 8க்கும் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டு அப்டேட் என்று அறிவித்தார்கள். அந்த ஏழு ஆண்டு அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறதே தவிர, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பழைய மாடல்கள் பலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே நின்றுவிட்டது. பாதுகாப்பு அப்டேட் நின்ற போனில் வங்கிக் கணக்கைத் திறந்து வைப்பது எனக்கு உவப்பில்லை. ரூட் செய்யப்பட்ட போன், அதாவது மென்பொருளில் தயாரிப்பாளர் வைத்த கட்டுப்பாடுகளை உடைத்த போன், இன்னும் மோசம்: பல வங்கிச் செயலிகள் அதில் திறக்கவே திறக்காது, முன்பு வைத்திருந்தவர் உள்ளே எதை விட்டுவைத்திருக்கிறார் என்பதும் தெரியாது. சாம்சங் போன்களில் இதற்கென்றே சில்லுக்குள் ஒரு மின்னணு ஃப்யூஸ் வைத்திருக்கிறார்கள். அதிகாரபூர்வமற்ற மென்பொருளை ஏற்றினால் அது எரிந்துபோகும், அதன் பிறகு அசல் மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அந்தத் தடயம் அழியாது. போலிப் போன்களைப் பற்றியும் ஒரு வரி. 512 ஜிபி என்று செட்டிங்ஸ் பக்கம் சொல்வது சான்றாகாது, அந்தப் பக்கத்தையே பொய் சொல்லும்படி எழுதிவிடுகிறார்கள். பெரிய கோப்புகளை ஏற்றி, திரும்பத் திறந்து பார்த்தால்தான் உண்மை வெளிவரும்.

போன் கைக்கு வருவதற்கு முன்னாலேயே பணம் போய்விடும் வழிகளும் உண்டு, அவற்றின் நடை எப்போதும் ஒன்றுதான். விலை சந்தை நிலவரத்தைவிட வெகுவாகக் குறைவாக இருக்கும். இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், முன்பணம் போட்டால் உங்களுக்காக நிறுத்திவைக்கிறேன் என்பார்கள். தளத்துக்கு உள்ளே பேச வேண்டாம், வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்பார்கள். தளத்தின் வழியாகப் பணம் கட்டினால், பொருள் வந்து சேர்ந்ததை நாம் உறுதி செய்யும்வரை அதை நடுவில் பிடித்துவைக்கும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. வெளியே இழுப்பதன் நோக்கமே அந்தப் பாதுகாப்பை நாமே கைவிட வேண்டும் என்பதுதான். பார்சலைப் பிரிக்கும்போது, ஒட்டுத்தாளில் உள்ள முகவரி தெரியும்படி தொடங்கி, இடையில் நிறுத்தாமல் ஒரே காணொலியாக எடுத்துவைத்தால், உள்ளே சோப்புக் கட்டி இருந்தது என்று முறையிடும்போது கையில் ஏதாவது இருக்கும். ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிசெய்து புதுப்பித்தது, என்ற சொல்லைப் பார்த்ததும் நம்பிக்கை பிறந்துவிடுகிறது எனக்கும். தயாரிப்பாளரே சோதித்து உத்தரவாதத்தோடு விற்பதற்கும் அந்தச் சொல்லைப் போடுகிறார்கள், துணியால் துடைத்துப் புதுப் பெட்டியில் வைத்ததற்கும் அதையே போடுகிறார்கள். உத்தரவாதத்தை எழுதித் தருபவர் யார் என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் நான் மறுபடி செகண்ட் ஹேண்ட் போன்தான் வாங்கினேன். புதியதற்கு அவ்வளவு கொடுக்க மனம் வரவில்லை. முதலில் பேசிய இருவர் காணொலி அழைப்பு என்றதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாமவர் கொஞ்சம் சலித்துக்கொண்டாலும் அழைப்பில் வந்தார், எண்ணைக் காட்டினார், தன் பெயரில் இருந்த பில்லைக் காட்டினார், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் கணக்கிலிருந்து வெளியேறி செட்டிங்ஸ் வழியாக அழித்தார். போன் வந்ததும் சிம் போடவில்லை. நானும் ஒருமுறை ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, மேசை மேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். வணக்கம் சொல்லும் திரை வந்தது, மொழியைக் கேட்டது, பிறகு சில நிமிடங்கள் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சில நிமிடங்கள் நீளமாகத்தான் இருந்தன. யாருடைய கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்காமல், எந்த நிறுவனத்தின் பெயரையும் காட்டாமல், கைரேகையைப் பதியச் சொன்னது. பதிந்தேன். அதன் பிறகு தளத்தைத் திறந்து, பொருள் கிடைத்தது என்ற பொத்தானை அழுத்தினேன்.