அந்தம்மாவுக்கு எத்தனை விசில்?

ஜெர்மனில் பார்ட்டிசிப் 2-ஐ (வினை முடிந்ததைக் காட்டும் வடிவம்) பெயரடையாக்குவதில் விகுதிதான் உயிரை எடுக்கும் என்று நினைத்திருந்தேன். ‘அய்ன் கெகோஹ்டெஸ் அய்’, ‘டாஸ் கெகோஹ்டெ அய்’: ஒரே அவித்த முட்டைக்கு இரண்டு வால். ஆங்கி செயலியில் கார்டு போட்டு உருப்போட்டதில் அது ஓரளவு படிந்துவிட்டது. மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

போன வார வீட்டுப்பாடத்தில் ‘சமைத்த பெண்மணி’ என்று நினைத்து ‘டி கெகோஹ்டெ ஃப்ராவ்’ என்று எழுதி வைத்தேன். பாடம் எடுக்கிற அக்கா சிரிக்காமல் கேட்டார்: “அந்தம்மாவுக்கு எத்தனை விசில் விட்டே?”

நம் பெயரெச்சத்துக்குத் தாராள மனசு. சமைத்த மீன், சமைத்த பெண், இரண்டும் சரி. ஜெர்மனில் அது நடக்காது. செயப்படுபொருள் குன்றாத வினை என்றால் அந்தச் செயப்படுபொருளோடுதான் பார்ட்டிசிப் ஒட்டும். செய்தவரோடு ஒட்டவே ஒட்டாது. பெர்ஃபெக்ட் என்னும் இறந்தகாலத்தில் ‘ஸைன்’ என்ற துணைவினையை எடுத்து, ஒரு மாற்றம் முடிந்துபோனதைச் சொல்கிற வினை என்றால் செய்தவரோடு ஒட்டும். ‘ஹாபென்’ என்ற இன்னொரு துணைவினையை எடுத்து, செயப்படுபொருளும் இல்லையென்றால் எதோடும் ஒட்டாது. அதனால்தான் ‘டாஸ் அய்ன்கெஷ்லாஃபெனெ கிண்ட்’ (தூங்கிப்போன குழந்தை) சரி, ‘டாஸ் கெஷ்லாஃபெனெ கிண்ட்’ (தூங்கிய குழந்தை) தப்பு. முன்னால் ஒட்டிய ஒரு ‘அய்ன்’ செய்கிற வேலை! இது ஒன்றுக்கே நான்கு நாள் போனது. சமைத்த பெண்மணியைக் கடைசியில் ‘டி ஃப்ராவ், டி கெகோஹ்ட் ஹாட்’ என்று தனி வாக்கியம் போட்டுத்தான் அடுப்பிலிருந்து இறக்கினேன்.

ஒரு இடத்தில் மட்டும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ‘டி கெஸ்டர்ன் அவுஸ் ஹாம்பூர்க் ஆங்கெகோமெனென் கெஸ்டெ’. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்களை மிரட்டும் தொடர் இது. நமக்கென்ன? நேற்று ஹாம்பர்க்கிலிருந்து வந்துசேர்ந்த விருந்தாளிகள். வரிசைகூட மாறவில்லை.

வினையடையாக வந்தால் வாலே கிடையாது, அப்பாடா. இதில் எனக்குப் பிடித்தது ‘அவுஸ்கெரெக்னெட்’. பிறப்பால் ‘கணக்கிட்ட’ என்றுதான் பொருள். ஆனால் ‘அவுஸ்கெரெக்னெட் ஹொய்டெ!’ என்று அலுத்துக்கொண்டால் ‘போயும் போயும் இன்னிக்கா!’

ஹாபெனா, ஸைனா என்று பார்க்க டூடன் இணைய அகராதியே போதும், இலவசம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய இலக்கணப் புத்தகத்தில் விடைப் பக்கங்களை மட்டும் யாரோ கிழித்திருந்தார்கள். வாங்கும்போதே புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

இதையே முடிக்கவில்லை, அதற்குள் பார்ட்டிசிப் 1-க்கு (நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் வடிவம்) தாவியாயிற்று. ‘கோஹெண்டெஸ் வாஸர்’ என்றால் கொதிக்கிற தண்ணீர். சரி, ‘டி கோஹெண்டெ ஃப்ராவ்’ சமைக்கிறாரா, கொதிக்கிறாரா? அக்காவிடம் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.