துக்கத்தில் இருப்பவருக்கு எந்தப் பாட்டு?

மனம் உடைந்து கிடப்பவரிடம் "துள்ளலாக ஏதாவது பாட்டுக் கேள், சரியாகிவிடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அம்மா போன பிறகு என்னிடமும் பலர் அப்படிச் சொன்னார்கள். அந்தப் பாட்டுகளை ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. சோகப் பாட்டுதான் கைகொடுத்தது. தொண்டையில் கல்லாய் அடைத்திருந்த அழுகையை ஒரு வயலின் இழுப்பு வெளியே கொண்டுவந்தது. பிறகு நானே முணுமுணுக்க ஆரம்பித்தேன். பாடினால் மூச்சை நீளமாக, மெல்ல விட்டாகவேண்டும். படபடப்பு அதிலேயே கொஞ்சம் தணிகிறது.

1941 ஜனவரி 15 அன்று, கெர்லிட்ஸ் நகரில் இருந்த ஜெர்மானியர் நடத்திய போர்க்கைதிகள் முகாமில், பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் தான் எழுதிய இசையைச் சக கைதிகளோடு சேர்ந்து வாசித்தார். கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ. முகாமில் கிடைத்த கலைஞர்களுக்கு ஏற்ப எழுதியது அது. கடுங்குளிரில் கைதிகள் உட்கார்ந்து கேட்டார்கள். முகாமின் கதவு அதனால் திறந்துவிடவில்லை. ஆனாலும் கேட்டார்கள்!

இசை மருத்துவத்துக்கு மாற்று என்று நான் சொல்லமாட்டேன். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவருக்கு வருகிறதென்றால் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகிற வழியில் அவர் கேட்கும் பாட்டைப் போடுங்கள், உங்களுக்குப் பிடித்ததை அல்ல.