பத்தியக்காரரின் முறுக்கு டின்

வயிறு சரியில்லை என்று யாராவது சொன்னால், நம் வீடுகளில் உடனே அடுப்பேறுவது குழைந்த சோறு, கஞ்சி, இட்லி, மிளகு ரசம் போன்ற, பல்லுக்கு வேலையே வைக்காத உணவுகள்தாம். நாலு நாள் காய்ச்சலுக்கு அது போதும். குடல் நோயினால் மாதக்கணக்கில் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு உப்பும் புளிப்பும் குறைந்ததைவிட, வாயில் எதுவும் நொறுங்கவில்லை என்பதுதான் பெரிய குறையாகத் தோன்றும் என்பதை அனுபவித்தவர் அறிவர். சாயங்காலம் நான்கு மணிக்குத் தேநீருடன் ஏதாவது கறுமுறுவென்று கடிக்க வேண்டும் என்ற ஆசையை நாக்குச் சபலம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம் பலகாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை அரிசி; அரிசியோ பெரும்பாலான குடல்களுக்கு ஒத்துப்போகிற தானியம். தொல்லை கொடுப்பது அதனுடன் வழக்கமாகச் சேர்க்கும் சில பொருள்கள் மட்டுமே. அவற்றை அடையாளம் கண்டு விலக்கினால் மொறுமொறுப்பை விட்டுக்கொடுக்கவே வேண்டியதில்லை.

எங்கள் குடும்பத்தில் இரண்டு விதப் பத்தியங்கள் நடக்கின்றன. எனக்கு இருப்பது ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) எனப்படும் குடல் உபாதை. குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது, ஆனால் வயிற்று உப்புசமும் வலியும் போக்கும் மாறி மாறி வரும். என் அத்தை மகளுக்கு இருப்பது சீலியாக் நோய். இரண்டுக்கும் கோதுமையை விலக்கச் சொல்கிறார்கள் என்பதால் உறவினர்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் காரணம் வேறு, கண்டிப்பின் அளவும் வேறு. பலகாரம் செய்ய உட்காருமுன் இது தெளிவாக வேண்டும்.

ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்குச் சொல்லப்படும் ஃபாட்மேப் குறைந்த உணவுமுறை, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் 2005 முதல் உருவாக்கப்பட்டது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரைச் சேர்மங்களுக்குத்தான் ஃபாட்மேப் என்று பெயர்; அவை தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கின்றன. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. மற்றவர்களுக்கும் இதே வாயு உண்டாகிறது. கூருணர்வுள்ள குடலுக்குத்தான் அது வலியாகிறது. கோதுமை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் ஃப்ரக்டான் என்ற சேர்மமும், கொண்டைக்கடலை, பயறு வகைகளில் காலக்டோ-ஒலிகோசாக்கரைடு என்ற சேர்மமும் இந்தப் பட்டியலில் முக்கியமானவை. ஆக, எனக்கு அளவுதான் கணக்கு. ஒரு சிட்டிகை மாவினால் ஒன்றும் ஆகிவிடாது. சீலியாக் நோயிலோ கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் புரதத்தால் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. அங்கே சிட்டிகையும் கணக்கில் வரும். குளூட்டன் இல்லாதது என்று இந்தியாவில் ஒரு பொருளை விற்க வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அதில் குளூட்டன் இருக்கக் கூடாது என்பதே விதி. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சந்தேகம் இருப்பவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

இப்போது வழக்கமான தீபாவளி டின்னைத் திறந்து பார்ப்போம். ஓமப்பொடி, பூந்தி, ரிப்பன் பகோடா ஆகியவற்றில் கடலை மாவு; தட்டையில் ஊறவைத்த கடலைப்பருப்பும் பொட்டுக்கடலை மாவும்; மிக்சரில் இவை எல்லாவற்றுடனும் முந்திரியும் நசுக்கிப் போட்ட பூண்டும். எனக்கு இந்த டின் பெரும்பாலும் மூடியே இருக்க வேண்டியதுதான். முந்திரி கொட்டை வகை என்பதால் தப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஃபாட்மேப் மிகுந்த பட்டியலில் இருக்கிறது. வேர்க்கடலை ஒரு சிறு கைப்பிடி அளவில் பாதகம் செய்வதில்லை. என் அத்தை மகளின் கணக்கு இதற்கு நேர் எதிர்: கடலை மாவும் முந்திரியும் பூண்டும் அவளுக்கு ஆகும், மைதா பிஸ்கட்டும் ரவை சேர்த்த தட்டையும் ஆகவே ஆகாது. அவளுடைய டின்னில் கண்ணுக்குத் தெரியாமல் நுழைவது பெருங்காயம். ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின்தான் பெருங்காயம். அதை அப்படியே பயன்படுத்தினால் காரம் தாங்காது என்பதால் கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோந்தும் கோதுமை மாவும் சேர்க்கிறார்கள். அரிசி மாவு சேர்த்துத் தயாரிப்பவையும் உண்டு. டப்பாவின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். பலகாரக் கடையில் விசாரித்தால், “எல்லாம் அரிசி மாவுதாங்க” என்ற பதில் உடனே வரும். பெருங்காயத்தைப் பற்றி அந்தப் பதிலில் ஒன்றும் இருக்காது.

இருவருக்கும் பொதுவாகச் செய்யக்கூடியது உளுந்து குறைத்த முறுக்கு. வழக்கமாக நாலு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுந்து மாவு போடுவார்கள். நான் அரைப் பங்குதான் போடுகிறேன். பச்சரிசியைக் களைந்து, சிறிது நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலில் பரப்பி, கையில் பிடித்தால் ஈரம் ஒட்டாமல் ஆனால் குளுமை தெரியும் பதத்தில் அரைக்க வேண்டும். உளுந்தை எண்ணெயில்லாமல் சிவக்க வறுத்து, ஆறிய பிறகு பொடித்துச் சலிக்க வேண்டும். உளுந்து குறைந்தால் கரகரப்பு கூடி, முறுக்கு சற்றுக் கடினமாகும். அதை ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதலாக வெண்ணெய் சேர்க்கலாம். வெண்ணெயில் பால்சர்க்கரை மிகக் குறைவு என்பதால் அது எனக்குத் தொல்லை தருவதில்லை. சீரகம், எள், உப்புக் கரைத்த தண்ணீர், இவ்வளவுதான். மாவு வறண்டிருந்தால் பிழியும்போது இழை அறுந்து அறுந்து விழும். தளர்ந்திருந்தால் எண்ணெயைக் குடிக்கும். அச்சிலிருந்து இறங்கும் இழை தன் பாரத்தில் தொங்கியும் அறுபடாமல் இருந்தால் அதுவே பதம்.

எண்ணெய்ச் சட்டியருகே நிற்கும்போது கண்ணைவிடக் காதுதான் உதவும். முறுக்கை இட்டவுடன் எழும் சலசலப்பு மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறும் ஓசை. நுரை சிறுத்து, குமிழ்கள் ஒன்றிரண்டாகி, சத்தம் ஏறக்குறைய அடங்கும்போது தண்ணீர் போய்விட்டது என்று பொருள். மொறுமொறுப்பு என்பது அந்தத் தண்ணீர் இருந்த இடத்தில் எஞ்சும் வெற்றிடம்தான். சத்தம் அடங்குமுன் எடுத்தால் மறுநாள் முறுக்கு வதங்கிவிடும். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையிலிருந்து மெதுவாகவே இறங்கும். குடல் உபாதை உள்ள பலருக்கு அதுவே ஒரு தூண்டுதல். ஆகவே எண்ணெய் எப்போது பலகாரத்துக்குள் போகிறது என்பதை அறிந்துகொள்வது பயன்படும். வேகும்போது ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் உள்ளே புக இடமில்லை. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் உள்ளிருக்கும் ஆவி சுருங்கி, மேலே படிந்திருக்கும் எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. எனவே ஜல்லிக் கரண்டியால் எடுத்த சூட்டிலேயே, சட்டிக்கு மேல் சாய்த்துப் பிடித்து நன்றாக வடியவிட்டு, உடனே தாளில் பரப்ப வேண்டும். குவியலாகப் போட்டு ஆறவைத்தால் அடியில் இருப்பவை எண்ணெயில் ஊறிப்போகும்.

எண்ணெயே வேண்டாம் என்று மருத்துவர் சொன்னவர்களுக்குப் பொரி இருக்கிறது. கடையில் வாங்கிய அரிசிப் பொரி பெரும்பாலும் நமுத்திருக்கும். இரும்புச் சட்டியில் மிதமான தீயில் புரட்டி, ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினால் பொடியாக உதிரும்வரை வறுக்க வேண்டும். காரப்பொரி செய்ய விரும்புவோருக்கு ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி. பூண்டிலுள்ள ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் இரண்டு மூன்று பூண்டுப் பற்களை நசுக்கிப் போட்டுப் பொன்னிறமாக விட்டு, பூண்டை முழுவதும் அரித்தெடுத்துவிட்டால் மணம் மட்டும் எண்ணெயில் தங்கும். அந்த எண்ணெயிலேயே கடுகு, கறிவேப்பிலை, சிறிது வேர்க்கடலை, மஞ்சள்தூள் தாளித்துப் பொரியைக் கொட்டிப் புரட்டி, மிளகாய்த்தூளுக்குப் பதில் மிளகுத்தூள் தூவலாம். ரசத்தில் பூண்டைப் போட்டுவிட்டு உண்ணும்போது ஒதுக்கி வைப்பதால் இந்தப் பயன் கிடையாது. அங்கே ஃப்ரக்டான் ரசத்திலேயே இறங்கிவிட்டிருக்கும். பூண்டெண்ணெயை அன்றன்றைக்கே காய்ச்சிக்கொள்ள வேண்டும். நஞ்சு உண்டாக்கும் ஒருவகை நுண்ணுயிரி காற்றில்லாத எண்ணெய்க்குள் வளரக்கூடும் என்பதால், பூண்டு ஊறிய எண்ணெயை அலமாரியில் வைத்திருப்பது ஆபத்து.

மெல்லிய அவலையும் இதே போல வறுத்துத் தாளிக்கலாம். கரண்டியால் அழுத்திக் கிளறினால் தூளாகிவிடும், சட்டியைக் குலுக்குவதே மேல். மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து சேலம் பகுதியில் தயாராகும் ஜவ்வரிசியைக் கொண்டு வெயிலில் காயவைத்த வடாம் இரு பத்தியத்துக்கும் உகந்தது. வற்றல் போடும் பருவத்தில் பச்சைமிளகாயைக் குறைத்து, பெருங்காயம் இல்லாமல் தனியாக ஒரு துணி போட்டுவிட்டால் ஆண்டு முழுவதற்கும் ஆயிற்று. அப்பளம் உளுந்து மாவில் ஆனது என்றாலும் ஒன்று இரண்டில் சேரும் உளுந்து சொற்பம்; நெருப்பில் வாட்டிய அப்பளத்தைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த பாட்டிமார் நம்மைவிட விவரமானவர்கள். சீலியாக் உள்ளவர்கள் மட்டும் இங்கேயும் பெருங்காயத்தைக் கவனிக்க வேண்டும்.

வாழைக்காய் வறுவல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாழை பழுக்கப் பழுக்க அதில் ஃப்ரக்டான் கூடுகிறது. எனவே எனக்கு நன்கு பழுத்த பழம் தொல்லை, காய் நல்லது. நாகர்கோவில் பக்கத்து நேந்திரங்காய் சிப்ஸ் காயாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெயில் சீவிப் போடுவது. பழுத்த நேந்திரத்தில் செய்யும் இனிப்புச் சிப்ஸை நான் தொடுவதில்லை. வீட்டில் செய்யும்போது சீவலைக் கொதிக்கும் எண்ணெயின் மேலேயே சீவி விழவிட்டு, பாதி வெந்ததும் மஞ்சளும் உப்பும் கரைத்த நீரை ஒரு கரண்டி தெளிக்க வேண்டும். சட்டி சீறிப் பொங்கும். ஒதுங்கி நின்றுகொள்ள வேண்டும். சீற்றம் தணிந்ததும் உப்பு ஒவ்வொரு வில்லையிலும் சீராக ஏறியிருக்கும். பொரித்த பின் மேலே உப்புத் தூவினால் இந்தச் சுவை வராது.

இவையெல்லாம் ஒத்துக்கொள்ளும் பொருள்கள் என்பதற்காக டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. குறைந்த அளவில் தீங்கற்றவை ஒரே வேளையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது குடலுக்கு அது பெரிய அளவுதான். முறுக்கிலுள்ள உளுந்தும், பொரியிலுள்ள வேர்க்கடலையும், காலையில் தின்ற இட்லியும் ஒரே கணக்கில்தான் வரவு வைக்கப்படும். ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டின்னை மூடிவிடுவது என் வழக்கம்.

ஃபாட்மேப் கட்டுப்பாடு ஆயுள் முழுவதற்குமானது அன்று என்பதையும் பலர் அறிவதில்லை. கண்டிப்பான கட்டம் 2 முதல் 6 வாரம் வரைதான். அதன்பின் உணவியல் வல்லுநரின் துணையுடன் விலக்கிய பொருள்களை ஒவ்வொன்றாக, மூன்று நாள் அளவைக் கூட்டிக்கொண்டே சோதித்து, ஒத்துக்கொள்வதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பூண்டு திரும்பவில்லை. பொட்டுக்கடலை சிறிய அளவில் திரும்பிவிட்டது. கடலை மாவோ ஓமப்பொடி அளவுக்கு இன்னும் இணங்கவில்லை. “ஒண்ணே ஒண்ணு தின்னா என்ன கண்ணு ஆயிடும்?” என்று தட்டையை நீட்டும் அத்தையிடம், எனக்கு ஒன்று ஒத்துக்கொள்ளலாம், உங்கள் மகளுக்கு ரவை சேர்த்த தட்டையில் ஒரு துண்டுகூட ஆகாது என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் விளக்க வேண்டியிருக்கிறது.

அவளுக்காக நாங்கள் மாவை மில்லில் அரைப்பதில்லை. நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால், இயந்திரத்தில் ஒட்டியிருப்பது நம் அரிசியோடுதான் இறங்கும். மில்காரர் ஒரு கைப்பிடி அரிசியை ஓடவிட்டுச் சுத்தம் செய்தாலும் முழுவதும் போய்விடாது. வீட்டு மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலிப்பது நேரம் பிடிக்கிற வேலைதான், ஆனால் நிச்சயமான வேலை. பொரிக்கும் நாளிலும் வரிசை உண்டு. அதிகாலையில் கழுவிய சட்டியில் புது எண்ணெய் ஊற்றி முதலில் அவளுடைய முறுக்கு. அடுத்து வாழைக்காய், வடாம். அதன் பிறகே கடலை மாவுப் பலகாரங்கள். மைதாவும் ரவையும் கலந்தவை எல்லாவற்றுக்கும் கடைசி. அவளுடைய டின்னுக்கு மூடியில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறோம், குழந்தைகள் மிக்சர் தின்ற கையை அதில் விட்டுவிடக் கூடாது என்பதற்காக.